செல்ஃப் எடுக்கவில்லையா? புது பேட்டரி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யார் போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "சாவியைத் திருப்பினதும் என்ன சத்தம் வந்தது?" என்பதுதான். பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. "பேட்டரி போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்பார்கள். பேட்டரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தத்தைக் காதில் வாங்காமல் பேட்டரியை மாற்றினால், நல்ல பேட்டரியைக் கொடுத்துவிட்டுப் பல ஆயிரம் ரூபாய் செலவழித்தவர்களில் நாமும் ஒருவராகிவிடுவோம்.

எனக்கு அது நடந்தது. திருவான்மியூரில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்த காலம். காலையில் செல்ஃப் அடித்தால் 'ஊ... ஊ...' என்று முக்கிவிட்டு நிற்கும். பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்து, "மூணு வருஷம் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார். மாற்றினோம். பன்னிரண்டாம் நாள் மறுபடி அதே முக்கல். அப்புறம் அடையாற்றில் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். அவர் பேட்டரி பக்கமே போகவில்லை. என்னைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மைனஸ் டெர்மினலிலிருந்து கியர் பாக்ஸுக்குப் போகும் கறுப்பு வயரைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். "தம்பி, இறங்கி வந்து இதைத் தொட்டுப் பாரு" என்றார். வயரின் அடிமுனை நன்றாகச் சுட்டது. போல்ட்டைக் கழற்றினால், வளையத்துக்கு அடியில் ஊமத்தை இலை நிறத்தில் பொடி. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் பளபளவென்று தேய்த்து மாட்டினார். பத்து நிமிட வேலை. அதோடு சரி, அந்த வண்டி பிறகு ஒருநாளும் முக்கவில்லை.

மின்சாரம் பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பிச் செல்ஃப் மோட்டாரைச் சுற்றிவிட்டு, என்ஜின் இரும்பு வழியாக, எர்த் வயர் வழியாக மைனஸுக்குத் திரும்பி வரவேண்டும். போகிற வழி சரியாக இருந்து வருகிற வழி அடைத்திருந்தாலும் மோட்டார் சுற்றாது. பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டாரே சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவு கரன்ட் போகும் பாதையை அடைக்கத் துளி அழுக்கு போதும். அதனால் பொருளைச் சந்தேகப்படும் முன் இணைப்பைச் சந்தேகப்படுங்கள். கீழே சொல்லும் வரிசையும் அதற்கேற்றதுதான்.

கையில் இருக்க வேண்டியவை

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். பெரும்பாலான கார்களின் டெர்மினலுக்கு 10 நம்பர் ஸ்பேனர். ஒரு துண்டு உப்புத்தாள், பழைய பல் தேய்க்கும் பிரஷ், டார்ச். பன்னிரண்டு வோல்ட் பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லாம்ப் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது.

பானட்டைத் திறக்கும் முன் மோதிரம், உலோக வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பிளஸ் டெர்மினலையும் பாடியையும் ஒரே சமயத்தில் தொட்டால் மோதிரம் நொடியில் பழுக்கக் காயும், விரல் வெந்துவிடும். பேட்டரிக்கு அருகில் நெருப்பு கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு நிற்கட்டும். டெர்மினலைக் கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ். மைனஸ் கழன்றிருந்தால், பிளஸ்ஸில் வேலை செய்யும் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. ஹைப்ரிட் வண்டியோ மின்சார வண்டியோ என்றால் ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடாதீர்கள்.

முதலில் காது, அப்புறம் கண்

ஹெட்லைட்டைப் போட்டு, வண்டியைச் சுவர் பார்த்து நிறுத்தியிருந்தால் சுவரில் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள். ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம்.

'டக டக டக டக' என்று வேகமாகச் சத்தம் வந்து, விளக்கும் கூடவே துடித்தால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் லூசு. மெதுவாக முக்கிச் சுற்றி, விளக்கு மங்கினாலும் அதே இரண்டும்தான், கூடவே எர்த்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்கு முழுக்க அணைந்து, சாவியை விட்டதும் திரும்ப எரிந்தால், பெரும்பாலும் ஏதோ ஓர் இணைப்பு பிடிப்பில்லாமல் இருக்கிறது. ஒரே ஒரு 'டக்', விளக்கு பிரகாசமாகவே நிற்கிறது என்றால், செல்ஃப் மோட்டாரையோ அதற்குப் போய்வரும் தடித்த வயர்களையோ பார்க்க வேண்டும். சத்தமே இல்லை, விளக்கு மட்டும் ஜோராக எரிகிறது என்றால், செல்ஃபுக்கு உத்தரவே போகவில்லை. சுவிட்ச், பியூஸ், ரிலே (சின்ன கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) பக்கம் தேட வேண்டும். என்ஜின் வழக்கம்போல் கலகலவென்று சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள், அது வேறு கதை. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால், டெர்மினல் கழன்றிருக்கும், மெயின் பியூஸ் போயிருக்கும், அல்லது பேட்டரி சுத்தமாகக் காலி.

பேட்டரியை அளப்பது

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள். வயர் முனையில் இருக்கும் கிளாம்பில் வைக்காமல், அதன் நடுவில் இருக்கும் ஈயக் குமிழிலேயே வைக்கவேண்டும். இரவு முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 வந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். இப்போதுதான் ஓட்டி நிறுத்திய வண்டியில் அளந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் எரியவிட்டு அணைத்து, பிறகு அளங்கள்.

இந்த ஓர் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். உள்ளே தகடு தேய்ந்த பேட்டரியும் சும்மா நிற்கும்போது 12.6 காட்டும். முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், முழு சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அளங்கள். அப்போதும் இறங்கினால் பேட்டரிக்குக் காலம் முடிந்தது. சுற்றும்போது 10.5, 11 என்று நின்றும் மோட்டார் முக்கினால் பேட்டரி நல்லது, குற்றம் வேறெங்கோ இருக்கிறது. என் வண்டியில் அன்று யாராவது இந்த ஓர் அளவை எடுத்திருந்தால் போதும்.

குளிர் நாட்டுக்காரர்கள் எழுதும் குறிப்புகளில் பனிக்காலம்தான் பேட்டரிக்கு எதிரி. நம் ஊரில் வெயில். அக்னி நட்சத்திரத்தில் பானட்டுக்குள் இருக்கும் சூடு பேட்டரியின் உள்ளே தகடுகளை அரிக்கும், தண்ணீரை வற்றவைக்கும். மூன்று, நான்கு வருடம் வந்தாலே சென்னையில் நல்ல ஆயுள். மூடி திறக்கும் வகை பேட்டரியாக இருந்தால் மேல் கோடு, கீழ்க் கோடு பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மெட்ரோ வாட்டரும் வேண்டாம், குடிக்கிற கேன் தண்ணீரும் வேண்டாம்.

டெர்மினலும் எர்த்தும்

இங்கே நிதானமாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். பெசன்ட் நகர், ராயபுரம், ஈசிஆர் ஓரம் இருப்பவர்கள் இரட்டிப்பு நிதானமாக. கேட்டின் கீல், ஜன்னல் கம்பி, பால்கனி கிரில் எல்லாவற்றையும் அரிக்கிற அதே உப்புக் காற்று பானட்டுக்குள்ளும் போகிறது.

கிளாம்பைக் கையால் பிடித்துத் திருகுங்கள். துளி அசைந்தாலும் லூசுதான். அசையாவிட்டாலும் நம்பிவிடக்கூடாது. கிளாம்புக்கும் குமிழுக்கும் இடையே கறுத்த படலம் இருந்தால் வெளியே தெரியாது. கழற்றி, குமிழையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈய நிறம் பளிச்சிடும் வரை தேயுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால், வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு கரையும். பேட்டரி மூடிக்குள் அந்தத் தண்ணீர் இறங்கக்கூடாது. அந்தப் பொடியில் ஆசிட் இருக்கும், கண்ணுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.

அடுத்தது எர்த். பேட்டரி மைனஸிலிருந்து கிளம்பும் கறுப்பு வயர் பாடியில் ஓரிடத்திலும், என்ஜின் அல்லது கியர் பாக்ஸில் ஓரிடத்திலும் போல்ட் போட்டு இறுகியிருக்கும். சில வண்டிகளில் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே பின்னல் பட்டை தனியாக இருக்கும். சோதிக்கும் முறை எளிது. மீட்டரின் ஒரு முனையை மைனஸ் குமிழில் வையுங்கள். மறுமுனையை என்ஜினில் பெயிண்ட் இல்லாத வெற்று இரும்பில் அழுத்துங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். 0.2 வோல்ட்டுக்குள் வந்தால் எர்த் சுத்தம். 0.5க்கு மேல் போனால், அந்த வழியில் எங்கோ கரன்ட் சிக்கித் தவிக்கிறது என்று அர்த்தம். போல்ட் ஒவ்வொன்றாகக் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். வயர் வளையத்தில் பிடிக்கப்பட்டிருக்கும் இடத்தில் உறையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். உள்ளே செம்பு கறுத்துப் பொடிப்பொடியாக இருந்தால் தேய்த்துப் பயனில்லை, வயரையே மாற்றவேண்டும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அளவு சொன்னால் கிடைக்கும். பழைய வயரைக் கையோடு கொண்டு போய்க் காட்டினால் இன்னும் சுலபம்.

சத்தமே இல்லாதபோது

கிளட்சை அடிவரை மிதியுங்கள். பல வண்டிகள் கிளட்ச் மிதிக்காமல் செல்ஃப் எடுக்காது. பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்ச் உடைந்திருந்தால் மிதித்தாலும் எடுக்காது. கால் மிதியடி மடிந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தே இப்படி ஆனதைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை அழுத்திக்கொண்டு, லீவரை நியூட்ரலில் வைத்து முயன்று பாருங்கள்.

டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால், வண்டிக்கு உங்கள் சாவி அடையாளம் தெரியவில்லை. வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியை எடுத்து வாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். சாவியையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் எடுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த வட்ட பேட்டரியை, பலவற்றில் சி.ஆர். 2032, வாட்ச் கடையில் வாங்கி மாற்றிவிடுங்கள்.

பியூஸ் பெட்டியின் மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் இருக்கும். பியூஸைப் பிடுங்காமலே சோதிக்கலாம். டெஸ்ட் லாம்பின் ஒரு வயரை மைனஸில் மாட்டி, சாவியை ஆன் செய்து, மறுமுனையால் பியூஸின் முதுகில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் பியூஸ் போய்விட்டது. அதே அளவுதான் போடவேண்டும். நிறத்தை வைத்தே தெரியும்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ சுற்றி வைப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள். பியூஸுக்குப் பதில் வயரிங் எரியும், சில சமயம் வண்டியே எரியும். போட்ட பியூஸ் உடனே போனால் எங்கோ ஷார்ட் ஆகிறது. மறுபடி மறுபடி போடாமல் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரிலேவுக்கு ஒரு சுலப வழி. செல்ஃப் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் பல வண்டிகளில் ஒரே மாதிரிதான். மேலே அச்சிட்ட எண் ஒன்றாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகி ஹார்ன் மட்டும் அடிக்கவில்லை என்றால் திருடன் பிடிபட்டான்.

ஒரே ஒரு 'டக்'

பேட்டரி, டெர்மினல், எர்த் மூன்றும் சரி, பிளஸ் பக்கத் தடித்த வயரும் மோட்டார் முனையில் இறுக்கமாக இருக்கிறது, இருந்தும் 'டக்' மட்டும்தான் என்றால் மோட்டாருக்குள் கரன்ட்டைக் கடத்தும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கும், அல்லது மோட்டாரோடு ஒட்டியிருக்கும் காந்த சுவிட்சான சோலினாய்டின் உள்ளே செம்புத் தொடுமுனை அரித்திருக்கும். மோட்டார் உடம்பில் ஸ்பேனர் பிடியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே செல்ஃப் அடித்தால் சில சமயம் எடுக்கும். எடுத்தால் பெரும்பாலும் கார்பன்தான். நேராகக் கடைக்கு ஓட்டுங்கள், வழியில் அணைக்காதீர்கள். முழு மோட்டாரையும் மாற்றச் சொன்னால், "பிரிச்சு கார்பன் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணா" என்று கேளுங்கள். கார்பன் மாற்றுவது மோட்டார் விலையில் சிறு பங்குதான். ஸ்க்ரூ டிரைவரால் மோட்டாரை நேராக ஷார்ட் செய்து சுற்றவைக்கும் வித்தையைப் புதியவர்கள் செய்ய வேண்டாம். கியரில் இருந்தால் வண்டி உங்கள் மேலேயே பாயும்.

சுற்றுகிறது, பற்றவில்லை

பெட்ரோல் வண்டியில் ஜன்னலை மூடி, ஏசி விசிறியை அணைத்து, சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். பின் சீட்டுக்கு அடியிலிருந்து இரண்டு நொடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் வரவேண்டும். வராவிட்டால் பம்ப்பின் பியூஸ், ரிலே. வந்தால், சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழுகிறதா என்று பாருங்கள். அசையாமல் கிடந்தால், என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகம் வரும். இந்த சென்சார் கெடும்போது ஒரு குணம் காட்டும்: ஓடி, சூடாகி, நிறுத்தினால் எடுக்காது. அரைமணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் எடுக்கும். இதை மட்டும் சொன்னாலே ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் நேராக அங்கே போவார்.

அடுக்குமாடி பேஸ்மென்ட்டில் நிறுத்துபவர்கள் எலியையும் மறக்கக்கூடாது. பானட்டுக்குள் தேங்காய்ச் சில்லு, புழுக்கை, கடித்த பஞ்சு தெரிந்தால் டார்ச் அடித்து வயர் ஒவ்வொன்றையும் பின்தொடருங்கள். சென்சாருக்குப் போகும் மெல்லிய வயர் ஒன்று அறுந்தாலே வண்டி நின்றுவிடும்.

ஜம்ப் ஸ்டார்ட், அதற்குப் பிறகு

தடித்த ஜம்பர் கேபிள் வேண்டும். விலை மலிவு என்று வாங்கும் மெல்லியது சூடாகுமே தவிர வண்டியை எழுப்பாது. சிவப்பு முதலில் காலியான பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை காலியான வண்டியின் என்ஜினில் வெற்று இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. நல்ல வண்டி சில நிமிடம் ஓடட்டும், பிறகு செல்ஃப் அடியுங்கள். கழற்றுவது தலைகீழ் வரிசையில்.

எடுத்துவிட்டதா? அணைக்காமல் மீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.5 வரை வந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், நம் ஊர் வழக்கில் டைனமோ, வேலை செய்கிறது. ஏசியும் ஹெட்லைட்டும் போட்ட பிறகும் 13.5க்குக் கீழே போகாமல் இருந்தால் நிம்மதி. புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று வோல்டேஜைக் குறைக்கும், அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். என்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கார்புரேட்டர் காலத்து வண்டியில் எப்படியோ தப்பித்தார்கள். இன்றைய வண்டியில் அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் கம்ப்யூட்டரையே காலி செய்துவிடும். யார் கை வைத்தாலும் தடுத்துவிடுங்கள்.

டைனமோ நன்றாக இருந்தும் இரண்டு நாள் நின்றாலே பேட்டரி இறங்குகிறது என்றால், ஏதோ ஒன்று இரவில் கரன்ட் குடிக்கிறது. டேஷ் கேமரா, வெளியில் மாட்டிய மியூசிக் சிஸ்டம், அணையாத டிக்கி விளக்கு. நிறுத்தி அரைமணி கழிந்த வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் சரி. அரை ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர் (Ah), சின்னக் காரின் 35 ஆம்பியர் அவர் பேட்டரி மூன்றே நாளில் தரைதட்டும். மாம்பலத்திலிருந்து பாண்டி பஜாருக்கும் திரும்பவும் ஏசியோடு ஓட்டுவது மட்டுமே வண்டியின் வேலை என்றாலும் பேட்டரி மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை அரைமணியாவது ஓஎம்ஆர் பக்கம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

மழைத் தண்ணீர் நின்ற வண்டி

இதற்கு மட்டும் மேலே சொன்னது எதுவும் பொருந்தாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருப்பினால், உள்ளே தேங்கிய தண்ணீரைப் பிஸ்டன் அழுத்த முடியாமல் அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அதற்கான காப்பீட்டையும் சாதாரண பாலிசி பெரும்பாலும் தராது. சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் வந்திருந்தால் சாவியைத் தொடாமல், மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோங்கள்.

இவ்வளவும் பார்த்துவிட்டு எலெக்ட்ரீஷியனிடம் போகும்போது ஒரு துண்டுச் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். "காலையிலும் வருது, சூட்டிலும் வருது. ஒரே டக். ஹெட்லைட் மங்கல. நிக்கும்போது 12.5, செல்ஃப் அடிக்கும்போது 12.2. எர்த் தேச்சாச்சு, 0.1 காட்டுது." இதைப் படித்தவர் பேட்டரி விலையைப் பற்றிப் பேசமாட்டார். ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து, செல்ஃப் மோட்டாரைக் கழற்ற ஆரம்பிப்பார்.